சண்முகலிங்கத்துக்கு விழுந்த மாலை

சண்முகலிங்கம் ஒருவரையும் நம்பமாட்டார். தபால்காரன் நேரத்துக்கு வந்தால், ஏன் நேரத்துக்கு வந்தான் என்று யோசிப்பார். பிந்தி வந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார். கடையில் பால் வாங்கப் போனால் முன்வரிசையில் திகதி பார்த்தது போதாதென்று பின்வரிசைக்குள்ளும் கையை விட்டுத் துழாவுவார். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு டெனிஷ்காரன் ஒரு கோடையில் தன் தோட்டத்து ஸ்ட்ரோபெரி ஒரு கிண்ணம் கொண்டுவந்து நீட்டினான். சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துவிட்டு, “இவனுக்கு எங்கடை வேலிப் பக்கம் என்னவோ தேவை இருக்கு” என்று மனைவியிடம் சொன்னார். பாவம் அந்த மனுசன். அவனுக்கு ஸ்ட்ரோபெரி கூடிப்போயிற்று, அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, இந்தக் குணம் அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. எண்பத்தைந்தில் யாழ்ப்பாணத்து வேலணையில் ஆமிக்காரர் பெடியன்களை எல்லாம் பள்ளிக்கூட வளவுக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி. அவன் தலை ஆடினால் ஆள் போச்சு. சண்முகலிங்கத்துக்கு முன்னால் நின்றவனுக்கு ஆடியது. பின்னால் நின்றவனுக்கும் ஆடியது. இவருக்கு ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. சாக்குக்குள் இருந்தது யாரோ தெரிந்த ஆள்தான் என்று மட்டும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ஊரில் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் இவனோ, இவனோ என்று பார்த்துப் பார்த்தே அலுத்துப்போய், அடுத்த வருடம் கிழக்கு பெர்லின் வழியாக டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்.

வந்த நாளிலிருந்து ஒரே ஊர், ஒரே தொழிற்சாலை. வேலையில் ஆளைக் குறை சொல்ல ஏலாது. தொழிற்சாலையில் இருபத்தைந்து வருட யூபிலேயம் என்று விழா வைத்துக் கேக் வெட்டிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்க, இவர் மட்டும் கேக்கைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குள் யாரோ என்னவோ வைத்துவிட்டார்கள் என்கிற மாதிரி.

இந்த மனுசனோடு யோகமலர் எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று டென்மார்க்கின் யூலண்ட் பக்கத்தில் இருக்கிற தமிழ்ச்சனம் முழுக்கக் கேட்டாயிற்று. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். நாள் முழுக்கக் கிழவன் கிழவிகளின் அரியண்டம் பிடித்த முறைப்பாடுகளைக் கேட்டுச் சிரிக்கப் பழகியவளுக்கு வீட்டில் இன்னொன்று இருந்தது பெரிய பாரமாகத் தெரியவில்லைப் போலும். அவர் சந்தேகப்படுவார். அவள், “ஓம் ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தன் அலுவலைப் பார்ப்பாள். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். அவள் போட்ட தேத்தண்ணியை மட்டும் முகர்ந்து பார்க்காமல் குடிப்பார்.

பிள்ளைகள் இரண்டு. கபிலனுக்கு வைலே நகரத்தில் கந்தோர் உத்தியோகம். மூத்தவள் மேனுஜாதான் வில்லங்கம்.

மேனுஜாவை மருந்தாளராக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். அவள் சிக்காகோவில் சினிமாப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு எழுதிப்போட்டு, இடமும் எடுத்து, பெட்டியும் அடுக்கின பிறகுதான் வீட்டில் சொன்னாள். போனவள் போனவள்தான். இப்போது அமெரிக்கக் குடியுரிமையோடு அமெரிக்க இயக்குநர். பெரிய கம்பெனிகளோடு சேராமல் தன் பாட்டில் படம் எடுக்கிறவள். தன் பாட்டில் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஆரோ வீட்டுக் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறதும், பின்னேரங்களில் கல்லூரியொன்றில் படிப்பிக்கிறதும், நண்பர்களின் வீட்டுச் சோபாக்களில் படுக்கிறதும்.

“டிரெக்டராம். எந்தத் தியேட்டரிலை ஓடுது?” என்று சண்முகலிங்கம் கேட்பார்.

முதல் படத்தை அவள் கணினிக்கு அனுப்பிவைத்தாள். யோகமலர் வடை சுட்டு வைத்துக்கொண்டு அவரை இருத்திப் பார்க்கவைத்தாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் உருளைக்கிழங்கு உரித்தான். உரித்தான், உரித்தான், உரித்துக்கொண்டே இருந்தான். வடை முடிந்தது. அவன் முடிக்கவில்லை. கடைசியில் அவனுடைய மகள் காரில் ஏறிப் போனாள். அந்தப் படத்துக்கு எங்கேயோ ஒரு சின்ன விழாவில் நடுவர்களின் பாராட்டுக் கிடைத்தது. இரண்டாவது படத்தில் ஒரு பெண் பனி அள்ளுகிற லொறி ஓட்டினாள். அவளுடைய தகப்பனுக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாவது படம் நியூயோர்க்கில் ஒரு மண்டபத்தில் ஒரு கிழமை ஓடியது. அதில் தகப்பன் செத்தே போனான். மகள் அவனுடைய காரை விற்கிறதுதான் கதை.

அந்த மூன்றாவது படம் முடிந்ததும் சண்முகலிங்கம் எழுந்து நின்றார்.

“மலர், நீ கவனிச்சனியோ? மூண்டு படத்திலையும் தேப்பன் சரியில்லை. முதல் படத்திலை விட்டிட்டுப் போறாள், ரெண்டாவதிலை அறளை பெயர்ந்திட்டுது, மூண்டாவதிலை ஆளே முடிஞ்சுது. இவள் என்னைத்தான் எழுதுறாள்.”

“ஓம் ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்று யோகமலர் தட்டைக் கழுவப் போனாள்.

உள்ளூர்ப் பத்திரிகையொன்று ‘கிரின்ஸ்டெட்டிலிருந்து ஓர் அமெரிக்க இயக்குநர்’ என்று மேனுஜாவைப் பற்றி அரைப்பக்கம் எழுதியது. யோகமலர் அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் அவர் அந்தப் படத்தை ஒருமாதிரிப் பார்ப்பார்.

இந்த வருடம்தான் மேனுஜாவுக்கு முதன்முதலாக ஒரு நல்ல காலம் வந்தது. ஒரு கம்பெனி அவளுடைய நாலாவது படத்தை எடுக்க முன்வந்தது. பெயர் தெரிந்த நடிகர்கூட ஒத்துக்கொண்டிருந்தார். தாய் ரெலிபோனில் எல்லாருக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டாள். ஆனி மாதம் திடீரென்று செய்தி மாறியது. மேனுஜா அந்தப் படத்தை விட்டுவிட்டாளாம். கிரின்ஸ்டெட்டுக்கு வந்து, பெற்றோர் வீட்டுக்குள்ளேயே, தமிழில் ஒரு படம் எடுக்கப் போகிறாளாம். அதில் நடிக்கப் போவது யோகமலராம்.

சண்முகலிங்கம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை இன்னொருமுறை உற்றுப் பார்த்தார்.

“பத்து வருசத்துக்கு மேலை பாடுபட்டுக் கிடைச்ச படத்தை விட்டிட்டு இஞ்சை ஏன் வாறாள்?”

“வீட்டைப் பாக்க ஆசையாக்கும்” என்றாள் யோகமலர்.

“உவள் மார்கழியிலை நத்தாருக்கே வாறேல்லை. இப்ப என்ன திடீர் ஆசை?”

இந்த இடத்தில் சித்திரை மாதத்துக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். அவருக்கு வயிறு ஒருமாதிரி இருந்தது என்று வைலேயில் ஸ்கான் எடுத்தார்கள். பிறகு டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நீளமாகக் கதைத்தார். சண்முகலிங்கத்தின் டெனிஷ் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் இடைவேளைக் கதைக்கும் போதும். வயிற்றுக்குக் காணாது. கபிலன்தான் மொழிபெயர்த்தான்.

“ஒண்டுமில்லை அப்பா. வயிறு நல்லாயிருக்காம்.”

“அவ்வளவு நேரம் கதைச்சவர் இவ்வளவுதானோ சொன்னவர்?”

“ஓம் அப்பா.”

கபிலன் அப்போது சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். அதை அவர் கவனித்து வைத்திருந்தார். எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. புற்றுநோய் மாதிரிக் கெட்ட வருத்தம் என்றால் வருத்தக்காரரைத் தவிர ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். ஓல்போர்க்கில் ஒரு மனுசனுக்குப் பிள்ளைகள் வயிற்றுப்புண் என்று மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அந்த மனுசன் வயிற்றுப்புண் என்றே நம்பி, மோர் குடித்துக் குடித்துப் போய்ச்சேர்ந்தார். அந்தச் செத்தவீட்டுக்குச் சண்முகலிங்கமும் போயிருந்தார்.

ஆக, மகள் ஏன் வருகிறாள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. தனக்குத்தான் நாள் குறித்தாயிற்று. தன்னைக் கடைசியாகப் பார்க்க வருகிறாள். படம் கிடம் எல்லாம் சாட்டு.

நேரே கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். கேட்டால் பொய்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் காதையும் கண்ணையும் தீட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளே உளவு பார்க்கத் தொடங்கினார்.

உளவு பார்க்கிறவனுக்குச் சாட்சிக்கா பஞ்சம்? புரட்டாதியில் மேனுஜா வந்து இறங்கினாள். கூடவே கோல்பி என்கிற நெடுவல் கமெராக்காரனும், ஒலிப்பதிவுக்கு இரண்டு பெட்டைகளும். அவர்கள் சுற்றுலாக்காரர் தங்குகிற கம்பிங் இடத்து மரக்குடிலில் தங்கினார்கள். மகள் வந்த கையோடு தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். இவர்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கிற பழக்கமே கிடையாது. கபிலன் வேலை நாளிலும் வைலேயிலிருந்து ஓடிவந்தான். தாயும் பிள்ளைகளுமாக மூன்று பேரும் குசினிக்குள் அடுப்படியில் நின்று குசுகுசுப்பார்கள். அவர் தலை தெரிந்ததும் மேனுஜா சட்டென்று டெனிஷில் காலநிலை பற்றிக் கதைப்பாள்.

“என்ன, மழையைப் பற்றியோ ரகசியம் பேசுறியள்?” என்று கேட்பார். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

யோகமலர் அதைவிட மோசம். படத்துக்காக என்று வேலைக்கு லீவு போட்டாள். சாப்பிடும்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே கூழ் காய்ச்சினாள், நண்டுக்கறி வைத்தாள். தான் இரண்டு கரண்டிக்கு மேல் தொடவில்லை. கேட்டால் சூட்டிங் களைப்பு என்றாள். திடீரென்று ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், உடுப்புத் தோய்க்கிற இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று காட்டித்தந்தாள். சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு பருப்புக்கறியும் வைக்கப் பழக்கினாள்.

“நான் ஏன் உது பழக வேணும்?”

“சும்மா இருக்காமல் நடமாடத்தானே வேணும்.”

ஆளை நடமாட வைக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று சண்முகலிங்கம் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய கூட்டாளி மகேந்திரராசா அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்? சட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று, “என்ன சண் அண்ணை, நல்லா மெலிஞ்சு போனியள்?” என்றார். பருப்புக்கறியை அவரே வைத்துச் சாப்பிட்டால் மெலியாமல் என்ன செய்வார்? ஆனால் சண்முகலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

படத்தின் கதையையாவது தெரிந்துகொள்வோம் என்று மகளைப் பிடித்தார்.

“இது என்ன கதை, பிள்ளை?”

“ஒரு அம்மா தனிய ஒரு வீட்டிலை இருக்கிறா. அவவின்ரை நாளாந்த வாழ்க்கை.” மேனுஜாவின் தமிழ் கொஞ்சம் தட்டித்தடவித்தான் வரும்.

“தனிய எண்டால்? புருசன் எங்கை?”

அவள் தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்தாள். “வெளியிலை” என்றாள் மேனுஜா.

“வெளியிலை எண்டால் எங்கை வெளியிலை?”

பதில் டெனிஷில், வேகமாக வந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது படத்திலும் தகப்பனுக்குச் சரியில்லை என்பது மட்டும் பிடிபட்டது.

ஒரு வியாழக்கிழமை மேனுஜா அவரிடம் கார்த் திறப்பைக் கொடுத்து, பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் போய் ஏதோ ஒரு லென்ஸ் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். அவசரமில்லை, ஆறுதலாகக் கோப்பி குடித்துவிட்டு வரலாம் என்றாள். இந்த ‘ஆறுதலாக’தான் அவரைப் பிடித்து உலுப்பியது. அந்தப் பெட்டியைக் கோல்பி போய் எடுத்தால் என்ன? என்னை ஏன் வீட்டை விட்டுக் கிளப்புகிறார்கள்? பாதித்தூரம் போனவர், ஒரு பண்ணை வாசலில் காரைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே விட்டார்.

வீட்டுக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. படப்பிடிப்பு நடக்கிறது, மணி அடிக்கவேண்டாம் என்று. அவர் ஏன் மணி அடிக்கிறார், அவருடைய வீடு. பூனை மாதிரிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

முன்னறையில் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. சுவரோரம் ஒரு சின்ன மேசை. மேசையில் வெள்ளைத்துணி. அதன் மேல் யூபிலேயப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய அவருடைய முகம். முகத்துக்குச் சந்தன மாலை. முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. விளக்கடியில் யோகமலர் வெள்ளைச் சேலையோடு, தலைமயிர் விரிய, நெற்றியில் பொட்டில்லாமல் நிலத்தில் இருந்தாள்.

ஒரு கணம் சண்முகலிங்கத்துக்குத் தான் உண்மையிலேயே செத்துப்போனேனோ என்று வந்துவிட்டது. கையைத் தடவிப் பார்த்தார். பிறகு வந்தது பாருங்கள் கோபம்.

“உயிரோடை நிக்கிறவனுக்கு மாலை போடுறியளோ! நாசமாய்ப் போவியள்!”

பாய்ந்துபோய் மாலையைப் பிடித்து இழுத்தார். மாலை அறுந்து சந்தனச் சீவல்கள் வீடெல்லாம் கொட்டின. விளக்கு சரிந்தது. கோல்பி பாய்ந்து அதைப் பிடித்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒலிப்பதிவுப் பெட்டைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

“அப்பா, கேளுங்கோ—”

“நான் என்னத்தைக் கேக்க? நீ அங்கையிருந்து ஓடிவந்தது இதுக்குத்தானோ? இனி நீயே சொல்லு. எனக்கு இன்னும் எத்தினை மாதம்?”

மேனுஜா வாயைத் திறந்தபடி நின்றாள். “என்ன மாதம்?”

“நடியாதை! கபிலன் டொக்டர் சொன்னதை விழுங்கினவன். நீங்கள் மூண்டு பேரும் குசினிக்கை பிரேத ஆராய்ச்சி செய்யிறியள். இவள் எனக்கு நண்டு காய்ச்சித் தாறாள். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சியளோ?”

யோகமலர் நிலத்திலிருந்து எழும்பவில்லை. “உங்களுக்கு ஒண்டுமில்லை. நல்ல சுகமா இருக்கிறியள்” என்று மெல்லச் சொன்னாள்.

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவள் சொன்னதையும் அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவளும் முகத்தில் பார்த்தாள். அது அவளைச் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

“எல்லாரும் வெளியிலை. கமெரா, வயர், ஒண்டும் என்ரை வீட்டுக்கை இருக்கக்கூடாது” என்றார் சண்முகலிங்கம்.

கமெராவும் வயரும் போயின. மேனுஜாவும் அவர்களோடு கம்பிங்குக்குப் போனாள். போகும்போது டெனிஷில் ஒரு வசனம் சொன்னாள், மெதுவாக, அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லாக. நீங்கள் இப்போது நிறுத்தியது என் படத்தை இல்லை, அப்பா என்றாள். அவர் கதவைச் சாத்தினார்.

விடிந்தது. யோகமலர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றாள். அவர் காரை எடுத்துக்கொண்டு வைலேக்கு விட்டார். கபிலனை அவன் கந்தோருக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துப் பிடித்தார்.

“இப்ப சொல்லு. அந்த டொக்டர் சொன்னது முழுக்கச் சொல்லு. ஒரு சொல்லும் குறையக்கூடாது.”

“அப்பா, அவர் சொன்னது உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டுதான். காரம் குறைக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். அதைத்தான் அவ்வளவு நேரம் சொன்னவர்.”

“பேந்து ஏன் சுவரைப் பாத்தாய்?”

கபிலன் காரில் சாய்ந்துகொண்டான். முப்பது வயசு தாண்டிய ஆண்பிள்ளை, சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்தான்.

“அண்டைக்கு விடிய, அம்மா உங்களுக்குச் சொல்லாமல் எடுத்த ஸ்கானும் வந்தது. நீங்கள் வெளியிலை கோப்பி குடிக்கேக்கை. கணையத்திலை கான்சர். பரவீட்டுது. வெட்ட ஏலாதாம். அம்மாவுக்கு டெனிஷ் நல்லாத் தெரியுந்தானே, நான் ஒண்டும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கேல்லை. அவவே நேரை கேட்டா. அவையளும் நேரை சொல்லிச்சினம். மார்கழி நத்தார் மட்டும் இருந்தாலே பெரிசாம்.”

“எனக்கேன் சொல்லேல்லை?” என்றது அவர் குரல் மாதிரியே இல்லை.

“அம்மா சத்தியம் வாங்கினவ. அப்பாவுக்குச் சொன்னால் டொக்டரைச் சந்தேகப்படுவார், மருந்தைச் சந்தேகப்படுவார், ஓடிஓடி வேறை ஆசுப்பத்திரி தேடுவார், என்னை நிம்மதியாச் சாக விடமாட்டார் எண்டு சொன்னவ. அக்காவுக்கு மட்டும் ஆனியிலை சொன்னவ. அக்கா அண்டைக்கே தன்ரை படத்தை விட்டவ. அந்தக் கம்பெனி இனி அவவைத் திரும்பியும் பாக்காது, அப்பா.”

அவர் போய்க் காரில் ஏறினார். ஏறியும் காரை எடுக்கத் தெரியவில்லை. கடைசியில் கபிலன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் சண்முகலிங்கம் ஒன்றையே நினைத்தார். அவள் இரண்டு கரண்டிக்கு மேல் தொடாத நண்டுக்கறி. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தனக்கு எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்த தன் கேடுகெட்ட மூளை. தூ என்று இருந்தது அவருக்கு.

யோகமலர் முன்னறைச் சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே, “சொல்லிப்போட்டானோ?” என்றாள்.

“ஏன் மலர் எனக்குச் சொல்லேல்லை? நான் உன்னைச் சந்தேகப்பட்டனானோ ஒருநாளாவது?”

“நேற்றுப் பட்டியள்.”

அவள் பக்கத்தில் தட்டிக் காட்டினாள். போய் இருந்தார்.

“அந்த மாலை...” என்றார். “அது மட்டும் எனக்கு விளங்கேல்லை. சாகப் போறவள் நீ. படத்துக்கு ஏன் என்ரை முகம்?”

“அந்த வேசத்தை நான்தான் கேட்டு வாங்கினனான். மேனுஜா முதல் எழுதினது வேறை. சும்மா சமைக்கிறதும் நடக்கிறதும். நான்தான் சொன்னனான், எனக்கு ஒரு செத்தவீடு வேணுமெண்டு. ஆரோ நடிகன்ரை படத்தை வைப்பம் எண்டாள். வேறை ஆம்பிளையின்ரை படத்துக்கு முன்னாலை நான் பொட்டழிச்சுக்கொண்டு இருக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அதுக்காக உயிரோடை இருக்கிறவனை...”

“இஞ்சேருங்கோ.” அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். “நான் முந்திப் போறன். பேந்து நீங்கள் போகேக்கை உங்களுக்கு அழ நான் இருக்கமாட்டன். பிள்ளையளுக்கு ஒப்பாரி தெரியாது. மண்டபத்திலை கறுப்புச் சட்டையோடை வரிசையிலை நிண்டு, மூக்கைத் துடைச்சுப்போட்டுக் கோப்பி குடிக்கப் போவினம். இத்தினை வருசம் உங்களோடை சீவிச்சனான். என்ரை மனுசன் ஒரு சத்தமும் இல்லாமல் போக நான் விடுறதோ? அதுதான் நான் இருக்கேக்கையே அழுது வைச்சிட்டுப் போவம் எண்டு பாத்தன். நீங்கள் வந்து மாலையைப் பிய்ச்சுப்போட்டியள்.”

சண்முகலிங்கம் அழுதார். பள்ளிக்கூட வளவில் அழாத மனுசன், தாய் செத்த செய்தி வந்தபோதும் அழாத மனுசன், அவளுடைய மடியில் தலையை வைத்து விக்கி விக்கி அழுதார். அவள் அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “ஓம் ஓம்” என்றாள்.

அன்றைக்கே கம்பிங்குக்குப் போய் மரக்குடில் கதவைத் தட்டினார். மேனுஜா கதவைத் திறந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

“பிள்ளை, கமெராவைக் கொண்டு வா” என்றார். “கெதியா வா. கொம்மாவுக்குக் களைக்க முதல் எடுக்க வேணும்.”

சந்தன மாலை கூட்டி அள்ளினதோடு போயிற்று. அவர் தோட்டத்தில் பூத்திருந்த டாலியாக்களை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்து, ஊசியும் நூலுமாகக் குசினி மேசையில் இருந்து, தன் படத்துக்குத் தானே மாலை கட்டினார். மாலை ஒரு பக்கம் கொழுத்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. கபிலன் உதவிக்கு வந்தான். விடவில்லை. கட்டி முடித்துத் தானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, குத்துவிளக்கையும் நிமிர்த்தி வைத்து எண்ணெய் விட்டார். வெள்ளைச் சேலையோடு வந்த யோகமலரைக் கையில் பிடித்து நிலத்தில் இருத்தினார். முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். கமெராவில் தெரியும் என்று கோல்பி சைகை காட்டினான். தெரியட்டும் என்றார்.

மேனுஜா அவரைக் கதவடியில் நிறுத்தினாள். ஒரு சத்தமும் போடக்கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். தலையாட்டினார்.

யோகமலர் படத்தைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் ஒரு அடி அடித்தாள். குரல் எங்கிருந்துதான் வந்ததோ, அந்த மெலிந்த உடம்புக்குள்ளிருந்து வீடதிர எழும்பியது.

“என்ரை ராசா! ஊரெல்லாம் பொய்யெண்டு என்ரை ஒரு வாயை நம்பினியே! ஆர் போட்ட தேத்தண்ணி குடிப்பாய் இனி? ஆரிட்டைப் போய்க் குறை சொல்லுவாய்? என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியே, என்ரை துரையே!”

கபிலன் குசினிக்குள் ஓடிவிட்டான். மேனுஜா கமெராவின் சின்னத் திரையைப் பார்க்கிற சாட்டில் குனிந்து நின்றாள். அவளுடைய தோள் குலுங்கியது. ஒரு தமிழ்ச்சொல்லும் தெரியாத கோல்பிக்குக்கூடக் கண் நிறைந்துவிட்டது.

“என்னை விட்டிட்டுப் போட்டியே! என்னை விட்டிட்டுப் போட்டியே!”

சண்முகலிங்கத்தால் தாங்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“நான் எங்கையடி போனனான்? நான் இஞ்சைதானே நிக்கிறன்! நீயல்லோ என்னை விட்டிட்டுப் போறாய்!”

எல்லாம் நின்றது. மேனுஜா நிமிர்ந்தாள், ஆனால் நிறுத்து என்று சொல்லவில்லை. யோகமலர் மெல்லத் திரும்பினாள். கண்ணீர் வழிகிற முகத்தோடு அவரைப் பார்த்தாள். பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது, முதியோர் இல்லத்தில் அடம்பிடிக்கிற கிழவனைப் பார்க்கிற மாதிரி.

“சத்தம் போடாதேங்கோ” என்றாள். “நீங்கள் செத்துப்போனியள்.”

“ஓம்” என்றார் சண்முகலிங்கம். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவள் படத்தின் பக்கம் திரும்பி, விரிந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து அழத் தொடங்கினாள்.